மூங்கில் விமானமும் நம் ஏளனமும்

மூங்கிலில் விமானம் செய்து வைத்துவிட்டு, வானத்திலிருந்து பொருள்கள் வந்திறங்கும் என்று காத்திருக்கும் பசிபிக் தீவுவாசிகளைப் பற்றிய பதிவு அவ்வப்போது என் கண்ணில் படுகிறது. 'எந்திரம் தெரியாதவனுக்கு எந்திரமே தெய்வம்' என்று கீழே யாராவது ஒருவர் தீர்ப்பும் எழுதிவிடுகிறார். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வழக்கமான உதாரணம் டன்னா தீவு. இன்று அது பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு நாட்டின் ஒரு பகுதி. அன்று அந்த நாட்டின் பெயர் நியூ ஹெப்ரிடீஸ்; பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அமெரிக்கப் படைகள் வந்தன, அவற்றின் விமானங்களையும் பொருள்களையும் கண்டு வாய்பிளந்த மக்கள் ஜான் ஃப்ரம் என்ற தெய்வத்தை உருவாக்கிக்கொண்டார்கள் என்பார்கள். காலவரிசையே இடிக்கிறது. ஜான் ஃப்ரம்மின் பெயர் அதற்கு முன்பே அங்கே பரவியிருந்தது. 1941இல் மக்கள் கூட்டங்கூட்டமாகப் பிரஸ்பிட்டீரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயங்களை விட்டு வெளியேறினார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது. பாதிரிமார் தடுத்த காவா என்ற வேர்ப் பானத்தைக் குடிக்கலாம், நடனம் ஆடலாம், மூதாதையர் வழிக்குத் திரும்பலாம் என்பதுதான் ஜான் ஃப்ரம்மின் செய்தி. இதில் விமானம் எங்கே இருக்கிறது? பிறகுதான் டன்னாவின் ஆண்கள் பக்கத்துத் தீவில் ராணுவ முகாம்களில் வேலைக்குப் போனார்கள், கறுப்பின வீரர்களும் சீருடையில் நடமாடுவதைக் கண்டார்கள். ஏற்கெனவே இருந்த நம்பிக்கை அமெரிக்காவைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவின் வட கரையைச் சேர்ந்த யாலி என்பவரின் கதை இன்னும் கூர்மையானது. போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியா போனவர் அவர். தொழிற்சாலைகளைப் பார்த்தார், அருங்காட்சியகத்தில் தம் நாட்டுச் சடங்குப் பொருள்களையும் பார்த்தார். பின்னர் அதே நியூ கினியில் உள்ள போர்ட் மோர்ஸ்பி நகரில், மனிதன் குரங்கின் வழிவந்தவன் என்று வெள்ளையர்களே நம்புவதைத் தெரிந்துகொண்டார். ஆதாம், ஏவாள் என்று பாதிரிமார் போதித்தது என்ன ஆயிற்று? நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிப் பழைய சடங்குகளின் பக்கம் திரும்பினார். நவீன உலகை நேரில் கண்டவர், அறிவியலைக் கேள்விப்பட்டவர்; அதனாலேயே மூதாதையரிடம் திரும்பியவர். தொழில்நுட்பம் வந்தால் மதம் தானாக உதிரும் என்பவர்கள் இவரை எங்கே வைப்பார்கள்?

இந்தத் தீவுகளின் மக்களைக் குடைந்த கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கொடுக்கல் வாங்கலே உறவின் அடையாளமாக இருக்கும் சமூகம் அது. வைத்திருப்பவன் பகிராவிட்டால், எதிரே நிற்பவனை அவன் மனிதனாக மதிக்கவில்லை என்று பொருள். வெள்ளையன் வயலில் இறங்கி உழைத்ததை அவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுக்குக் கப்பல் கப்பலாகப் பொருள் வந்தது. எங்கிருந்து வருகிறது, நமக்கு ஏன் வருவதில்லை? நியாயமான கேள்வி. பதிலைத் தங்களுக்குத் தெரிந்த மொழியில், மூதாதையரின் மொழியில் தேடினார்கள்.

இதற்காக எல்லாமே மாறுவேடம் போட்ட அரசியல் என்று சொல்லும் அறிஞர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜான் வருவார் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நாம் யார்?

1943இல் டன்னாவின் வடக்கே ஒருவர் ஆள்திரட்டி விமான ஓடுபாதை வெட்டத் தொடங்கினார். ஜான் ஃப்ரம்முக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க அதிகாரிகளையே வரவழைத்துச் சொல்லவைத்தது நிர்வாகம். மக்கள் அசையவில்லை. 1957 பிப்ரவரி 15 அன்று சல்ஃபர் பே கிராமத்தில் அமெரிக்கக் கொடியை வெளிப்படையாகவே ஏற்றினார்கள். நாடு விடுதலையான பிறகு ஜான் ஃப்ரம் இயக்கத்தவர் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்கள்.