நிரலைச் சேர்த்தீர்கள், எழுதியவரை எங்கே விட்டீர்கள்?

ரெண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டருக்கான நம் குழுவில் ஆளாளுக்குச் சொல்லி முடித்தாகிவிட்டது, நான் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி ஒருவர் "ஆட்-ஆன் எழுதுகிறவர்களுக்குச் சொந்த ரெப்போவை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை" என்று போட்டிருந்தார். (ஆட்-ஆன் என்றால் ப்ளெண்டரில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்; ரெப்போ என்றால் நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் இடம்.) அதற்கு அத்தனை பேர் இதயம் போட்டிருந்தீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பலர் தனித்தனியாக வைத்திருந்த ஆட்-ஆன்களை, என்னுடையதையும் சேர்த்து, கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் ஒரே பொது ரெப்போவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எழுதியவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். கொண்டுவந்த விதம்தான் என் பிரச்சினை. ஜிப்பைத் திறந்து, ஃபோல்டரை இழுத்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கமிட், அதாவது ஒரே மாற்றப் பதிவு. வருடக்கணக்கான வரலாறு அதோடு போயிற்று. எந்த வரி எதற்காக மாறியது என்று கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை) பார்த்தால் எல்லா வரிக்கும் ஒரே பெயர்தான் வருகிறது. இழுத்துப் போட்டவர் பெயர்.

பொது ரெப்போவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் உண்மையான லாபம் இருக்கிறது. ப்ளெண்டரின் புதிய பதிப்பு வரும்போது ஏதாவது மாறி ஆட்-ஆன்கள் உடைவதுண்டு. ப்ளெண்டர் 4.1-இல் மெஷ்ஷின் ஆட்டோ ஸ்மூத் பண்பை எடுத்துவிட்டார்கள். 4.0-இல், பொருளின் தோற்றத்தை அமைக்கும் பிரின்சிபிள்ட் ஷேடரின் சாக்கெட் (உள்ளீட்டு) பெயர்கள் மாறின. 'ஸ்பெகுலர்' என்று தேடுகிற ஆட்-ஆன் எல்லாம் அங்கேயே விழுந்தது, ஏனென்றால் அதன் பெயர் இப்போது 'ஸ்பெகுலர் ஐஓஆர் லெவல்'. படத்தை உருவாக்கும் ஈவீ எஞ்சினின் உள்பெயர் 4.2-இல் 'நெக்ஸ்ட்' ஒட்டிக்கொண்டு வந்தது, 5.0-இல் பழைய பெயருக்கே திரும்பியது. எல்லாம் ஒரே ரெப்போவில் இருந்தால் இதையெல்லாம் ஒரே கிரெப்பில் (கோப்புகளில் சொல் தேடும் கட்டளை) தேடி, ஒரே மாலையில் திருத்திவிடலாம். ஒரே சோதனை ஸ்கிரிப்ட் போதும்: பேக்டரி ஸ்டார்ட்அப்போடு (ஆரம்ப அமைப்புகளோடு) ப்ளெண்டரைப் பின்னணியில் ஓட்டி, ஒவ்வொரு ஆட்-ஆனையும் ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பார்த்தாலே பாதிப் பிழை வெளியே வந்துவிடும். புதிதாக வருகிறவர் ஒரே இடத்தில் தேடலாம். இதையெல்லாம் நானே குழுவில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கிரெப்பை யார் ஓட்டுவது? நான் கேட்பது இது ஒன்றுதான். இந்த ஆட்-ஆன் நாளைக்கு உடைந்தால் யார் பார்ப்பது? நிரலைச் சேர்த்தால் பொறுப்பும் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படிச் சேராது.

ப்ளெண்டரே இந்த வழியில் போய்த் திரும்பி வந்த திட்டம். வருடக்கணக்காக ஆட்-ஆன்களுக்கென்று பொது ரெப்போ இருந்தது. சோதனை நிலையில் இருந்தவற்றுக்கு 'கான்ட்ரிப்' என்று இன்னொன்று, அது தினசரி பில்டில் மட்டும் வரும். 2019-இல் 2.80 வந்தபோது ஆட்-ஆன் எழுதும் மொழியான பைத்தான் பக்கம் நிறைய மாறியது. பிராப்பர்ட்டிகளைச் சமக்குறி போட்டு எழுதிக்கொண்டிருந்தோம், முக்காற்புள்ளி போட வேண்டும் என்று ஆயிற்று. மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போய் @ குறி வந்தது. ஆப்ஜெக்டை சீனோடு இணைத்தது போய் கலெக்ஷனோடு இணைக்க வேண்டியதாயிற்று. கவனிக்க ஆள் இருந்த ஆட்-ஆன் தாண்டி வந்தது, ஆள் இல்லாதது நின்றுவிட்டது. இரண்டும் ஒரே ரெப்போவில்தான் இருந்தன! கடைசியில் 2024 ஜூலையில் 4.2 வெளியானபோது ரிகிஃபை, நோட் ராங்லர், ஜிஎல்டிஎஃப் மாதிரி சிலவற்றை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, லூப்டூல்ஸ், பூல் டூல் உட்பட மற்றவற்றை ப்ளெண்டரின் எக்ஸ்டென்ஷன் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்டென்ஷன் என்றால் இந்தப் புதிய முறையில் பேக்கேஜாக வரும் ஆட்-ஆன். அங்கே ஒவ்வொன்றுக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பு கட்டாயம். அதில் 'மெயின்டெய்னர்' (பராமரிப்பவர்) என்ற வரியும் கட்டாயம். அந்த வரி காலியாக இருந்தால் பேக்கேஜே கட்ட முடியாது. நம் புதிய பொது ரெப்போவில் அந்த வரியில் எல்லாவற்றுக்கும் குழுவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். குழு என்றால் யார்? பிழை வந்தால் யாருக்கு எழுதுவது?

எனக்குத்தான் எழுதினார்கள். பெயரை எடுத்துவிட்டாலும் பழைய வீடியோக்களின் கீழே என் முகவரி இருக்கிறதே. முதலில் வந்த செய்தி: "உங்கள் ஆட்-ஆனை ஆஃப் பண்ணினால் எரர் வருகிறது." என்ன ஆனது என்று விளக்குகிறேன், இதைப் புரிந்துகொண்டால் என் கோபம் புரியும். அவரிடம் என் ஆட்-ஆன் பழைய முறையில் ஏற்கனவே இருந்தது. பொது ரெப்போவிலிருந்து அதையே எக்ஸ்டென்ஷனாக மறுபடி போட்டிருக்கிறார். இரண்டிலும் ஆபரேட்டர் ஐடி (கட்டளையின் உள்பெயர்) ஒன்றுதான். இரண்டாவது பதிவாகும்போது ப்ளெண்டர் முதலாவதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். கன்சோலில் ஒரு வரி மட்டும் வரும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிறகு முதலாவதை ஆஃப் பண்ணினால், இல்லாத கிளாஸைக் கழற்றப் போய் 'மிஸ்ஸிங் பிஎல் ஆர்என்ஏ' என்று கத்தும். அதே ஐடியை வேறொரு ஆட்-ஆன் வைத்திருந்தாலும் இதே கதைதான். இரண்டு பேர் தனித்தனியாக எழுதும்போது 'ஆப்ஜெக்ட் டிராப்' என்று ஒரே பெயர் வைப்பது சகஜம். ஒன்றாகச் சேர்ப்பவர்தான் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

அடுத்த செய்தி: "என் செட்டிங்ஸ் எல்லாம் போச்சு." போகத்தான் செய்யும். எக்ஸ்டென்ஷனாக வரும்போது மாட்யூலின் பெயருக்கு முன்னால் ரெப்போவின் பெயர் சேர்ந்துகொள்ளும். ப்ளெண்டர் விருப்பத்தேர்வுகளை அந்த முழுப் பெயரில்தான் சேமிக்கிறது. ரெப்போ மாறினால் பெயர் மாறும், சேமித்தது அனாதையாகும். நிரலுக்குள் பெயரை நேரடியாக எழுதி வைத்திருந்தால் இன்னும் மோசம், கீ எரர் வந்து பேனலே திறக்காது. '__பேக்கேஜ்__' என்று மாற்ற வேண்டும். தன் ஃபோல்டருக்குள்ளேயே கோப்பு எழுதுகிற ஆட்-ஆன் என்றால் அதையும் பயனர் பாதைக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அப்டேட் ஆகும்போது எழுதியது அழிந்துவிடும். ஒரு ஆட்-ஆனுக்கு இரண்டு மணி நேர வேலை. ஃபோல்டரை இழுத்துப் போடுவதில் இது எதுவும் நடக்காது.

சிலர் ரெப்போவின் 'டவுன்லோட் ஜிப்' பொத்தானை அழுத்தி மொத்தத்தையும் இறக்கி அப்படியே இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள். பட்டியலில் ஒன்றும் வரவில்லை. அதற்கும் திட்டு எனக்குத்தான். அதில் ஒருவர் எழுதிய வார்த்தையை இங்கே போட விரும்பவில்லை.

"ஜிபிஎல் தானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே" என்கிறார்கள். எடுக்கலாம். நான் ஜிபிஎல் என்ற அந்தத் திறந்த மூல உரிமத்தைப் போட்டதே எடுக்கத்தான். ஆனால் அதே உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, இருக்கிற அறிவிப்புகளை அப்படியே வைக்கச் சொல்கிறது. மாற்றினால் மாற்றியதையும் தேதியையும் கண்ணில் படும்படி எழுதச் சொல்கிறது. ஆசிரியர் வரியை அழிக்க அது யாருக்கும் அனுமதி தரவில்லை. உரிமத்தைக் காட்டுகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுக் காட்டுங்கள்.

"எழுதியவர் காணாமல் போனால் என்ன செய்வது" என்ற கேள்வி நியாயமானது. 2016-இல் ஒருவர் தன் பேக்கேஜ்களை என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுத்தபோது, 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி இல்லாமல் ஊரெல்லாம் பில்டு நின்றது. அதனால் பிரதி வைக்க வேண்டும், மறுக்கவில்லை. பிரதி வைப்பது வேறு, வீட்டை இடம் மாற்றுவது வேறு. எழுதியவர் இருக்கும்போதே, கேட்காமலே இடம் மாற்றியிருக்கிறீர்கள். ஒரு மெசேஜ் போதுமே, யாரும் போடவில்லை.

"பத்துப் பேருக்குக் கமிட் உரிமை இருந்தால் பத்துப் பேர் திருத்துவார்கள்" என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் பின்கதவு வைத்தவர் வெளியிலிருந்து உடைத்து வரவில்லை. இரண்டு மூன்று வருடம் பொறுமையாக உதவி, நம்பிக்கை சம்பாதித்து, கமிட் உரிமை வாங்கி வந்தவர். எஸ்எஸ்எச் (தொலைக் கணினி) உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஒருவர் தோண்டியதால் பிடிபட்டது. ஆட்-ஆன் என்பது உங்கள் கணினியில் உங்கள் உரிமையோடு ஓடும் பைத்தான். ஒரே ரெப்போவில் நாற்பது ஆட்-ஆன், பத்துப் பேருக்குச் சாவி என்றால், ஒரு சாவி தொலைந்தாலே நாற்பதும் போயிற்று. எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்-ஓனர்ஸ் கோப்பு போட்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒருவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். ஆனால் அதில் எழுதவும் ஒரு பெயர் வேண்டும். மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். பட்டியலை மட்டும் பொதுவில் வையுங்கள், நிரல் எழுதியவர் கையிலேயே இருக்கட்டும். அவரவர் தன் ரெப்போவில் மேனிஃபெஸ்ட் எழுதி, 'எக்ஸ்டென்ஷன் பில்ட்' கட்டளையில் ஜிப் கட்டித் தரட்டும். அந்த ஜிப்களை ஒரே ஃபோல்டரில் போட்டு 'எக்ஸ்டென்ஷன் சர்வர்-ஜெனரேட்' கட்டளையை ஓட்டினால் இண்டெக்ஸ் ஜேசன் என்ற பட்டியல் கோப்பு தானாக உருவாகும். கிட்ஹப் பேஜஸ் என்ற இணையப் பக்க வசதியில் ஏற்றுங்கள், செலவு கிடையாது. பயனர் பிரிஃபரன்சஸில் கெட் எக்ஸ்டென்ஷன்ஸ் போய், ரெப்பாசிட்டரீஸில் கூட்டல் குறியை அழுத்தி அந்த முகவரியைக் கொடுத்தால் எல்லாம் ஒரே பட்டியலில் வரும், அப்டேட்டும் வரும். எழுதியவர் காணாமல் போனாலும் கடைசி ஜிப் அங்கேயே இருக்கும். நீங்கள் கேட்ட 'ஒரே இடம்' இதுதான்.

உண்மையிலேயே கைவிடப்பட்டவை இருந்தால், அவற்றை மட்டும் கிட் சப்ட்ரீ கட்டளை வழியாக வரலாற்றோடு கொண்டுவாருங்கள். பதிப்புக்கு டேக் (பெயர்ச்சீட்டு) போடும்போது வெறும் 'வி 1.2' போடாதீர்கள், எந்த ஆட்-ஆனின் 1.2 என்று தெரியாமல் போகும். ஆட்-ஆன் பெயரை முன்னால் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் தத்தெடுத்தவர் பெயரை எழுதுங்கள். தத்தெடுக்க ஆள் இல்லையென்றால் 'கவனிக்க ஆளில்லை' என்று முதல் வரியில் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எங்களுக்கு மனசு வரவில்லை என்று எழுதினீர்களே. பத்துப் பேர் இறக்கினால் ஒருவர் நன்றி சொல்வார், அதை எதிர்பார்த்து யாரும் எழுதுவதில்லை. அந்தப் பொது ரெப்போவில் ஒரு கல்லூரி மாணவரின் முதல் ஆட்-ஆன் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர் காட்டுவது அந்த ஒரு ரெப்போவைத்தான். இப்போது கூகுளில் அந்த ஆட்-ஆனைத் தேடினால் உங்கள் பொது ரெப்போ மேலே வருகிறது, அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச பயம்.

இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் உட்காருகிறேன். பழைய ரெப்போ முகவரிகளை மட்டும் அனுப்புங்கள், சப்ட்ரீ, ஐடி மோதல், மேனிஃபெஸ்ட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாணவரின் ஆசிரியர் வரியைச் சனிக்கிழமை வரை நிறுத்தி வைக்காதீர்கள். ஒரு வரிதான், இன்றைக்கே திரும்பப் போடுங்கள்.