யுசிஎல்ஏ கூடைப்பந்து அணி தொடர்ந்து 10 பட்டங்கள் வென்றதா?

அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி, ஜான் வுடன் பயிற்சியில் ஒரு தோல்விகூட இன்றித் தொடர்ந்து 10 ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. பட்டங்கள் பத்து என்பது மட்டுமே இதில் சரி.

அவை 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் கிடைத்தவை. 1966-இல் டெக்சஸ் வெஸ்டர்ன் அணியும் 1974-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியும் பட்டம் வென்றன. இடைவிடாமல் வந்தவை 1967 முதல் 1973 வரையிலான ஏழுதான். அதுவே இன்றுவரை எவரும் எட்டாத சாதனை என்னும்போது, மிகைப்படுத்த என்ன தேவை இருந்தது என்று தெரியவில்லை. வுடன் 1948-இல் பொறுப்பேற்று, முதல் பட்டத்துக்கு 16 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதையும் அச்செய்தி சொல்லவில்லை.

தோல்வியே இல்லை என்பதும் தவறு. தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வென்றிருந்த அந்த அணி, 1974 ஜனவரி 19 அன்று நோத்ர் டாம் அணிக்கு எதிராக 70–59 என முன்னிலையில் இருந்தும், கடைசி மூன்றரை நிமிடங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 12 புள்ளிகளை விட்டுக்கொடுத்து, 71–70 எனத் தோற்றது.

ஆண்டுவாரியான வெற்றியாளர் பட்டியல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ளது. அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேற்கொண்டு பகிர வேண்டாம்.