வீட்டுக் கணக்கில் விடுபடுகிற அறை

சென்னைக்கு இன்னும் எத்தனை வீடு வேண்டும் என்று கேட்டால், மக்கள்தொகையை நாலால் வகுத்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். ஓட்டை அந்த நாலில்தான். 10 லட்சம் பேருக்கு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 2.5 லட்சம் வீடு. அதே ஜனம் வீட்டுக்கு மூன்றரை பேராகப் பிரிந்தால் 2.86 லட்சம். ஊருக்குள் புதிதாக ஒருத்தர்கூட வராமலே 36,000 வீடு துண்டு விழுகிறது.

சரி, பற்றாக்குறை என்று எதைச் சொல்கிறோம்? நாடு முழுக்க நகர்ப்புறங்களில் 1.88 கோடி வீடு குறைவு என்று 2012-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணித்தது. அதில் வீடே இல்லாத குடும்பங்கள் 5.3 லட்சம்தான். ஏறக்குறைய 1.5 கோடி குடும்பங்களுக்கு வீடு இருக்கிறது, இடம் இல்லை. கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை கிடையாது, மாமியார் ஹாலில், மகனும் மருமகளும் சமையலறையில். பற்றாக்குறையில் 95 சதவீதம் ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களும். அதே சமயத்தில், 2011 சென்சஸ்படி நகரங்களில் 1.1 கோடி வீடு காலியாகக் கிடந்தது. பூட்டிய ஃபிளாட்டையும் ‘வீட்டுவசதி’யில் சேர்த்தால் எந்தத் திட்டமும் தேறாது.

எஃப்எஸ்ஐயை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பைக் கூட்டினால் விலை இறங்கும் என்பார்கள். கொஞ்சம் இறங்கலாம், மறுக்கவில்லை. 10 கிரவுண்டு மனை, 24,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 48,000 சதுர அடி கட்டலாம். 9 முதல் 12 மீட்டர் அகலச் சாலையில், கட்டணம் கட்டி வாங்கும் கூடுதலான பிரீமியம் எஃப்எஸ்ஐ 30% வரை வாங்கலாம் என்கின்றன தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள். ஆயிரம் சதுர அடி வீடாகப் போட்டால் 48 வீடு 62 ஆகும். கூடுதல் 14 வீட்டில் வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர்: தினம் 7,560 லிட்டர் தண்ணீர். 9,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஒரு லோடு. இதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும், சுமார் 6,000 லிட்டர். ஒரே தெருவில் பத்து மனைக்காரர்கள் இப்படி வாங்கினால் எட்டு லாரிக்கு மேல் தண்ணீர், 60,000 லிட்டர் சாக்கடை. தெருவுக்கு அடியில் இருப்பதோ பழைய குழாய். மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கைடுலைன் மதிப்பை (நிலத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பை) வைத்து வாங்கும் பிரீமியம் கட்டணத்தை அதே தெருவின் குழாய்க்குச் செலவழிக்க வேண்டும், அதுவும் கட்டடம் எழும்புவதற்கு முன்பே.

ஏழைகள் விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைக் குடும்பங்களை நகருக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். எட்டு மாடி, லிஃப்ட் எல்லாம் உண்டு. வீட்டுவேலையும் சுமைவேலையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது 2021-ல்தான் வந்தது, போய்வரும் நேரத்தை அதுவும் திருப்பித் தராது. மாதம் 18,000 சம்பாதிக்கும் குடும்பம் வாடகைக்கு 5,400-க்கு மேல், அதாவது வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால் அரிசி பருப்பில் கை வைக்கவேண்டி வரும். அந்த வாடகையில் நகருக்குள் என்ன கிடைக்கும் என்று வார்டு வார்டாகப் பார்க்காத திட்டம் எனக்குத் திட்டமாகவே தோன்றவில்லை.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022-ல் 5,904 ஆக விரிந்தது. எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் 2008-ல் வந்த இரண்டாவதன் காலம் 2026 வரைதான். மூன்றாவது திட்டத்தையும் 2011-ன் எண்களை நீட்டித்தே எழுதிவிடக் கூடாது. சென்சஸின் வீட்டுப்பட்டியல் படிவத்திலேயே அறை எத்தனை, அந்தக் குடும்பத்தில் மணமான தம்பதிகள் எத்தனை என்று இரண்டு கேள்வி உண்டு. 2027 கணக்கெடுப்பின் அந்த இரண்டு பதில்களையும் வார்டு வாரியாக வாங்கி, எங்கே எவ்வளவு சின்ன வாடகை வீடு வேண்டும் என்று முதலில் எழுதட்டும். எஃப்எஸ்ஐ அட்டவணையை அதற்கப்புறம் திறக்கலாம்.