ஆம்லெட் எபிசோட்

(மாமா சாய்வு நாற்காலியில் இருக்கிறார். மருமகன் ஆவலோடு வந்து உட்காருகிறான்.)

மருமகன்: பார்வையில்லாத வக்கீல் மேட் முகமூடி கட்டிக்கொண்டு ரவுடிகளை அடிப்பானே, அந்த டேர்டெவில் தொடரின் முதல் சீசனின் 13 எபிசோடுகளையும் பார்த்து முடித்துவிட்டீர்களாமே மாமா! எது பிடித்தது?

மாமா: எட்டாவது.

மருமகன்: எட்டாவதா? அது வில்லன் ஃபிஸ்கின் கதையாயிற்றே!

மாமா: அதனால்தான். அத்தனை பணமிருந்தும் காலையில் எழுந்து தன் ஆம்லெட்டைத் தானே போட்டுக்கொள்கிறான் பார், என்ன ஒரு நிதானம்!

மருமகன்: சிறுவயதில் அப்பாவைச் சுத்தியலால் அடித்துக் கொன்றவன் மாமா அவன்.

மாமா: தப்புதான். நான் ஆம்லெட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

மருமகன்: சரி, இரண்டாவது எபிசோடின் தாழ்வாரச் சண்டை? கடத்தப்பட்ட பையனை மீட்க மேட் போகிறானே! வெட்டே தெரியாமல் ஒரே ஷாட் போல எடுத்திருப்பார்கள். அடிவாங்கியவர்கள் எல்லாம் மறுபடி மறுபடி எழுந்து வருவார்கள்.

மாமா: அடித்தவனும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவான். ஒரு நாயகன் களைத்துப்போய் இப்போதுதான் பார்க்கிறேன். என் வயதுக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அவன் சாய்ந்தான், நானும் சாய்ந்தேன். கண் விழித்தபோது பையனைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

மருமகன்: தூங்கிவிட்டீர்களா! நான்காவதிலாவது விழித்திருந்தீர்களா?

மாமா: கார் கதவுதானே? காதலி வனெஸ்ஸாவோடு ஃபிஸ்க் சாப்பிடும்போது ஒருவன் குறுக்கே வந்து நின்றதற்காக, அவன் தலையைக் கார் கதவில் வைத்து... வேண்டாம், சொல்லவே கூசுகிறது. உன் அத்தையும் பக்கத்தில்தான் இருந்தாள். அன்றிலிருந்து அவள் தொடர் பார்க்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

மருமகன்: எனக்குப் பத்தாவதுதான் உயிர். மேட்தான் அந்த முகமூடிக்காரன் என்று கூட வேலை செய்யும் வக்கீல் நண்பன் ஃபாகிக்குத் தெரிந்துவிடுகிறதே, இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். ஓர் உதை கிடையாது, நான் அழுதேவிட்டேன்.

மாமா: எனக்கு எரிச்சல்தான் வந்தது. பார்வையில்லாத நண்பன் அடிக்கடி முகத்தில் காயத்தோடு ஆபீசுக்கு வருகிறான். ஏதோ சாக்குச் சொன்னால் இவன் நம்பிவிடுகிறான். இவனெல்லாம் ஒரு வக்கீலா? கூடவே இருப்பவனைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியவில்லையே!

மருமகன்: நட்பு மாமா, நட்பு. சரி, கடைசி எபிசோட்? அதுவரை கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அடிவாங்கியவனுக்கு அதில்தான் சிவப்பு உடை கைக்கு வருகிறது.

மாமா: நியூயார்க்கிலும் தையற்காரர்கள் இப்படித்தானா? சீசன் முடியும்போது கொண்டுவந்து கொடுக்கிறான்.

மருமகன்: உங்களோடு பேசிப் பயனில்லை. இரண்டாவது சீசன் பார்ப்பீர்களா, மாட்டீர்களா?

மாமா: ஃபிஸ்க் வருவானா?

மருமகன்: வருவான். ஆனால் சிறையில் இருப்பான்.

மாமா: (யோசித்து) அங்கே அடுப்பு கொடுப்பார்களா?