அக்கா மகளுக்கு லேப்டாப்தான் எடுக்கச் சொன்னேன்

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அவரவர் விருப்பப்படி டேப்லெட்டோ லேப்டாப்போ தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். பி.காம் படிக்கும் அக்கா மகள் அன்றைக்கே போன் செய்தாள். "சித்தி, நீங்கதான் டேப்லெட்லயே வேலை பாக்குறீங்களே, நான் எதைக் கேக்கட்டும்?" லேப்டாப் என்றேன், யோசிக்காமல். அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

என் வேலை தமிழ்ப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது. இடையிடையே மொழிபெயர்ப்பும் உண்டு. பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து திரை தொங்கியபோது, சரி, இனி டேப்லெட்டே போதும் என்று முடிவெடுத்து 11 அங்குல ஐபேட், கீபோர்டு உறை, பென்சில் மூன்றையும் வாங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் அதை மட்டும் வைத்தே ஓட்டினேன்.

புரூஃப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. நிமிர்த்திப் பிடித்தால் முழுப் பக்கமும் கண்முன் நிற்கிறது. ஒற்று விட்டுப்போன இடத்தில் பென்சிலால் ஒரு 'ப்' செருகலாம், பிரிந்து கிடக்கும் சொற்களை வளைவு போட்டுச் சேர்க்கலாம். காகிதத்தில் சிவப்புப் பேனாவால் இருபது வருடம் செய்த அதே கைவேலை. மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பில் படிக்கும்போது என் கண்ணுக்குத் தப்பிவிடும் ல, ள, ழ குழப்பங்கள், கையில் வைத்துப் படிக்கும்போது சிக்குகின்றன. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், மின்சாரம் போன மத்தியானத்தில் என்று எங்கேயும் வேலை நடந்தது. தமிழில் தட்டச்சு செய்வதிலும் குறையில்லை. 2013இல் ஐபேடின் அன்றைய இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோதே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்துவிட்டன.

திருத்தியாகிவிட்டது. அப்புறம்? அங்கேதான் சிக்கல்.

நம் ஊர் டி.டி.பி. கடைகளில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் ஃபைல்களில் இருக்கும் தமிழ் பெரும்பாலும் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கத்தில் இல்லை; பழைய ஃபாண்ட்களின் குறியாக்கம். ஃபாண்ட் இல்லாத கருவியில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டிக் கிடக்கும். விண்டோஸ் கணினி என்றால் ஃபாண்டை நிறுவி, மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக எடுத்துவிடலாம். ஐபேடில் பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கவே திறக்காது. அதே வேலையைச் செய்யும் இன்டிசைன் மென்பொருளும் அதற்கு இல்லை. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் உண்டுதான், ஆனால் 300 பக்கப் புத்தகத்தைப் பத்தி பத்தியாக ஒட்டி எடுப்பது ஆகிற காரியமா?

டிசம்பர் மாதம் எங்களுக்கு எப்படியிருக்கும் என்பது பதிப்புத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி. எல்லாருக்கும் எல்லாமே நேற்றே வேண்டும். அப்படி ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு லேஅவுட் செய்யும் தம்பி போன் செய்தார். "மேடம், நீங்க மார்க் பண்ணதைப் பாத்து நான் ஏத்த நேரமில்ல, ஃபைல்லயே திருத்திக் குடுத்துடுங்க." பத்தே பக்கம்தான். என்னால் முடியவில்லை. காலையில் பிரவுசிங் சென்டர் ஷட்டர் திறக்கும்வரை வாசலில் நின்றேன். அந்தப் புத்தகம் அச்சுக்குப் போக ஒரு நாள் தாமதமானது என்னால். அது இன்னும் உறுத்துகிறது.

வேர்டும் கைவிட்டது. இரட்டை இடைவெளி, தவறான மேற்கோள் குறி, நான் அடிக்கடி பார்க்கும் ஒற்றுப் பிழைகள் எல்லாவற்றையும் தானாகப் பிடிக்க மேக்ரோக்கள் என்ற சின்ன நிரல்களை எழுதி வைத்திருந்தேன். ஐபேட் வேர்டில் மேக்ரோ ஓடாது. பல வருட உழைப்பு சும்மா கிடந்தது.

2025இல் ஐபேடின் புதிய இயங்குதளம் ஐபேட்ஓஎஸ் 26 வந்ததும், ஜன்னல்களை இஷ்டம்போல் அடுக்கலாம், மேலே மெனு வருகிறது, இனி இது லேப்டாப்தான் என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் என் தலைவலி ஜன்னலில் இல்லை. யாரிடமிருந்து எனக்கு ஃபைல் வருகிறது, யாரிடம் அது திரும்பிப் போகிறது என்பதில் இருக்கிறது. நான் தனியாக வேலை செய்தால் டேப்லெட் போதும். அந்தத் தம்பியோடு சேர்ந்து செய்ய வேண்டுமென்றால், அவரிடம் இருப்பது என்னிடமும் இருந்தாக வேண்டும். படம் வரைபவர்களுக்கும் வகுப்பு எடுப்பவர்களுக்கும் கணக்கு வேறு; அவர்களில் பலருக்கு டேப்லெட் ஒன்றே போதுமாக இருக்கலாம்.

அக்கா மகள் நாளைக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போவாள். அங்கே கணக்கு எழுதும் டேலி மென்பொருள் விண்டோஸில் ஓடுவது. கம்பெனிகளின் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போட யு.எஸ்.பி. டோக்கனைச் செருகி, அதற்கான மென்பொருளைக் கணினியில் நிறுவியிருக்க வேண்டும். அங்கே டேப்லெட்டோடு போய் உட்கார்ந்தால், முதல் நாளே பக்கத்து மேசைக்காரரின் கணினியைக் கேட்க வேண்டிவரும். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம்.

எடை குறையும் என்றும் நினைத்து வாங்காதீர்கள். என் கீபோர்டு உறை டேப்லெட்டைவிடக் கனம். இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டுகிறது.

போன மாதம் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் கீலை மாற்றினேன். ஆன செலவு, கீபோர்டு உறைக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. இப்போது புரூஃப் டேப்லெட்டில், ஃபைல் லேப்டாப்பில். மேக்ரோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன.