கறுப்பு பேட்ஜ் குத்தியவன்தான் அன்றைக்கு விமானத்தைச் சரிசெய்தான்

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். குடும்ப குரூப், ஸ்கூல் பேட்ச் குரூப், எங்கள் தெரு குரூப் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துவிட்டது. "நம்ம மதுர ஏர்போர்ட்ல சங்கக்காரய்ங்க பிளேன நிப்பாட்டிட்டாய்ங்க"ன்னு ஒருத்தர் கத்துகிறார், கேமரா ஆடுகிறது, தூரத்தில் பளபளக்கிற ஜாக்கெட் போட்ட ஒரு பையன் இறக்கைக்குக் கீழே நிற்கிறான், சட்டையில் ஒரு கறுப்புத் துணி. அந்தத் துணிதான் மொத்த சாட்சி. அதை வைத்துத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

மதுரை ஏர்போர்ட்டில் ஒரு விமானம் தாமதமானது, ஆட்குறைப்பை எதிர்த்துக் கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்த சங்கத்துக்காரர்கள்தான் காரணம் என்று பழி. முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை. ஆட்குறைப்பு என்று அந்த விமான நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியவர்களில் சங்க நிர்வாகிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், போதும். மிச்சம் இருக்கிறவர்கள் வேலையை நிறுத்தவில்லை. பேட்ஜ் குத்திக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். அன்றைக்கு விமானம் தாமதமானது, எஞ்சினிலிருந்து கேபினுக்குக் காற்று போகிற பாதையில் ஒரு வால்வு மக்கர் செய்ததால். அந்தக் கோளாறைச் சரிசெய்து, கையெழுத்துப் போட்டு, கத்தினவர் உட்பட எல்லாரையும் சென்னைக்கு அனுப்பி வைத்தது யார்? அந்தக் கறுப்புத் துணிப் பையன்தான். வீடியோவில் அது இல்லை. அதற்குள் அண்ணன் அப்லோட் செய்துவிட்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். விமானத்தைப் பழுதுபார்ப்பது ஏ.எம்.இ.யின், அதாவது லைசென்ஸ் வாங்கிய விமானப் பராமரிப்புப் பொறியாளரின், வேலையில் பாதிதான். மீதிப் பாதி, 'இது பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவது. பக்கத்திலேயே லைசென்ஸ் நம்பரும் எழுத வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், முதலில் தேடி வருவது அந்த நம்பரைத்தான், எம்.டி.யை இல்லை. அப்படிக் கையெழுத்துப் போடுகிறவனால் 'போட மாட்டேன்' என்றும் சொல்ல முடிய வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. சங்கம் எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். சம்பள உயர்வு, போனஸ், இலவச டிக்கெட் எல்லாம் அப்புறம்.

நான் ஏ.எம்.இ.யாக இருந்தபோது நடந்த கதை ஒன்று. ஊர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். ராத்திரி தங்குகிற விமானம், விடிகாலையில் முதல் சர்வீஸ். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் பிரேக்கில் ஒரு சின்ன ஊசி மாதிரி பின் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிரேக் தேயத் தேய அந்த பின் உள்ளே போகும். தகட்டோடு சமமாகிவிட்டால் பிரேக் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு நான் விரலால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவே இல்லை. கரிப்பொடி மட்டும் விரலில் ஒட்டியது. அந்த ஸ்டேஷனில் மாற்று பிரேக் கிடையாது, வேறு ஊரிலிருந்து வர வேண்டும். டியூட்டி மேனேஜர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார், "லாக்ல எழுதாதீங்க பாஸ், அங்க போய் இறங்கட்டும், அங்க இருக்கிறவன் எழுதிக்குவான்." ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். மிரட்டலே இல்லை. இந்தத் தொழிலில் யாரும் மிரட்டுவதில்லை, தோளில்தான் கை போடுவார்கள்.

டெக் லாகில், அதாவது விமானத்தின் கோளாறுகளை எழுதும் பதிவேட்டில், எழுதிவிட்டால் அந்தக் கோளாறு இருக்கிறது. எழுதாவிட்டால் அது இல்லவே இல்லை, அடுத்த ஊர் போய்ச் சேரும் வரைக்கும். நான் எழுதினேன். முதல் சர்வீஸ் கேன்சல். எனக்கு மெமோ, வேலையில் ஒத்துழைப்பு இல்லை என்று. மறுநாள் எங்கள் சங்கத்துச் செயலாளர் அண்ணன், ரிட்டயர்மெண்ட்டுக்குக் கொஞ்சகாலம்தான் இருந்தது அவருக்கு, சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு மேனேஜர் ரூமுக்குள் போனார். டீ குடித்துவிட்டு வெளியே வந்தார். மெமோ அதோடு காணாமல் போனது. "என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலடா. அந்த மெமோவையும் லாக் பக்கத்தையும் சேத்து டி.ஜி.சி.ஏ.வுக்கு ஒரு காப்பி அனுப்பவான்னு மட்டும் கேட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் போன இன்னொரு கம்பெனியில் சங்கமும் கிடையாது, வெற்றிலை அண்ணனும் கிடையாது. அங்கே தோளில் கை விழுந்தபோது சின்னப் பையன்கள் என்ன செய்தார்கள் என்று எழுத மாட்டேன். அவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

கற்பனையாகப் பேசுகிறேன் என்பவர்களுக்கு: அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 என்று ஒரு விமானம். 2000 ஜனவரி 31, கலிபோர்னியாவுக்குப் பக்கத்துக் கடலில் விழுந்தது, 88 பேர் போனார்கள். வாலில் இருக்கிற ஜாக்ஸ்க்ரூ, அதாவது கிடைமட்ட வால் இறக்கையை ஏற்றி இறக்குகிற பெரிய மரையாணி, கிரீஸ் இல்லாமல் தேய்ந்து மரை உரிந்து போயிருந்தது. அதே விமானத்தின் அதே ஜாக்ஸ்க்ரூவை மாற்ற வேண்டும் என்று 1997 செப்டம்பரிலேயே ஒரு லீட் மெக்கானிக் எழுதி வைத்தார். அடுத்த ஷிப்ட் திரும்ப அளந்து பார்த்தது, அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி விமானத்தை விட்டுவிட்டார்கள். ஒருத்தன் 'வேண்டாம்' என்று எழுதியும் அது நிற்கவில்லை. எழுதவே பயப்படுகிற இடத்தில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் ஊர் கதையும் இருக்கிறது. 2010 மே 22 மங்களூர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமான விபத்து, 158 பேர் போனார்கள். அதையொட்டி ஏர் இந்தியாவில் சங்கத்துக்காரர்கள் பத்திரிகையிடம் பேசியதற்கு விளக்கம் கேட்டு நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்தது, இனி பேசக் கூடாது என்றது. அதை எதிர்த்துத்தான் அந்த வாரமே ஸ்டிரைக் நடந்தது. விபத்து நடந்த வாரத்தில் ஸ்டிரைக்கா என்று நாடே திட்டியது. சரி, நேரம் மோசம்தான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொறியாளர் சங்கம் உட்பட இரண்டு சங்கங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை டிஸ்மிஸ் செய்தார்களே, அது என்ன கணக்கு? விமானத்தைப் பற்றி விமானம் தெரிந்தவன் பேசக் கூடாது என்றால் வேறு யார் பேசுவது? அந்த வீடியோ அண்ணனா?

இப்போது கமெண்டில் வரப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே.

"பயணிகள் என்ன பாவம் செய்தார்கள்?" ஒன்றும் செய்யவில்லை. அந்த விமானத்தில் துபாய்க்கு அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர் இருந்திருப்பார், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மெண்ட் இருந்தவர் இருந்திருப்பார். கோபம் நியாயம்தான். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? ஆளைக் குறைத்தவர் குளுகுளு அறையில் இருக்கிறார், பேட்டி கொடுக்கிறார். மூன்று பேர் பார்த்த ஷிப்ட்டை ஒருத்தனாகப் பார்க்கிறவன்தான் உங்கள் கண்ணுக்கு முன்னால் வெயிலில் நிற்கிறான், அதனால் திட்டு அவனுக்கு.

"நஷ்டத்தில் ஓடினால் ஆளைக் குறைக்காமல் என்ன செய்வார்கள்?" குறைக்கட்டும். நான் என்ன, கம்பெனி நடத்தத் தெரியாதவனா என்று கேட்காதீர்கள், தெரியாதுதான். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும், அதை மாற்றினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21லிருந்து நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இருக்கிறது. அப்படியிருக்க, இருபது வருடம் சர்வீஸ் போட்ட சங்கப் பொருளாளர் எப்படி முதல் லிஸ்டில் வந்தார்? இந்தக் கேள்விக்கு எந்தச் செய்தித் தொடர்பாளரும் இதுவரை பதில் சொல்லவில்லை. நஷ்டம் என்ற வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அப்புறம், விமானக் கம்பெனிகளை மூடியது சங்கமா? கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றபோது பொறியாளர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளமே வரவில்லை, அவ்வளவு நாளும் வேலை பார்த்தார்கள். ஜெட் 2019 ஏப்ரல் 17ல் நின்றது கடனால். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றபோது அவர்களே எஞ்சின் கம்பெனியைத்தான் குற்றம் சொன்னார்கள். இதில் எங்கே சங்கம்?

"லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்குச் சங்கம்?" லைசென்ஸ் இல்லாத டெக்னீசியன் வாங்குகிற சம்பளத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். 2022 ஜூலையில் இண்டிகோ டெக்னீசியன்கள் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்களே, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், சம்பளம்தான் நோய். இப்போது அதுவும் முடியாது. பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டால் அதையும் ஸ்டிரைக் கணக்கில்தான் சேர்க்கிறது புதுச் சட்டம். 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் ஸ்டிரைக்கும் கிடையாது. அதனால்தான் பேட்ஜ். மிஞ்சியது அந்தத் துணி ஒன்றுதான், அதையும் வீடியோ எடுத்துத் திட்டுகிறீர்கள்.

சங்கத் தலைவர்கள் எல்லாரும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

வேலை போனவன் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே என்று என் சொந்தச் சித்தப்பா கேட்டார். இதை எத்தனை தடவை விளக்கினாலும் யாருக்கும் புரிவதில்லை. ஏ.டி.ஆர் என்ற சின்ன விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தில் கையெழுத்துப் போடும் தகுதி, வைத்திருக்கிறவன் ஏர்பஸ்ஸில் கையெழுத்துப் போட முடியாது. அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும், தனியாக லட்சங்கள். லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது, கடைசி 24 மாதத்தில் 6 மாதமாவது பராமரிப்பு வேலை பார்த்த அனுபவம் இல்லாவிட்டால் அந்த லைசென்ஸை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது. வீட்டில் உட்கார உட்கார, நம் படிப்பே நம் கையை விட்டுப் போகும். எனக்கு அப்படித்தான் போனது. கடைசி கம்பெனி ஆட்குறைப்பு என்று அனுப்பியது, அனுபவச் சான்றிதழ் கொடுக்க மாசக்கணக்கில் இழுத்தடித்தது, அதற்காக நான் அனுப்பிய மெயில்களைப் படித்தால் எனக்கே என் மேல் பரிதாபம் வரும். "கைண்ட்லி", "ஒன்ஸ் எகெய்ன்", "ஹம்ப்ளி". விமானத்தைப் பறக்காதே என்று நிறுத்திய ஆள் எழுதிய மெயில் அது. இப்போது பைபாஸ் ரோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது, அனுதாபம் வேண்டாம்.

அப்புறம் மதுரைக்காரர்களுக்கே உரிய ஒரு கேள்வி வரும், நேற்றே வந்துவிட்டது: "சங்கம் வச்சு மில்ல மூடினீங்க, இப்ப பிளேனையும் மூடப் போறீங்களா?" இதைக் கேட்டவருக்கும் அப்பாவோ தாத்தாவோ மில்லில் இருந்திருப்பார்கள். மதுரையில் யார் வீட்டில் இல்லை? என் அப்பா ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட். பழைய மெஷினை மாற்றாமல், பஞ்சு விலை ஏறும்போதெல்லாம் ஷிப்ட்டைக் குறைத்து, கடைசியில் நிலத்துக்கு நல்ல விலை வந்ததும் மூடினார்கள். இதை நான் சொல்லவில்லை, அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரை சங்கச் சந்தா ரசீதுகளை ரேஷன் கார்டோடு ஒரே கவரில் வைத்திருந்தார். கிராஜுவிட்டி வந்ததே சங்கம் கேஸ் போட்டதால்தான், அந்தப் பணத்தில்தான் நான் ஏ.எம்.இ. கோர்ஸில் சேர்ந்தேன். அதனால் சங்கம் என்று யாராவது கேலியாகச் சொன்னால் எனக்கு நியாயமாகப் பேச வராது. 2003 ஜூலையில் ஸ்டிரைக் செய்ததற்காக ஒரே அடியாக சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் அரசு ஊழியர்களை இதே தமிழ்நாட்டில் டிஸ்மிஸ் செய்தபோதும் இப்படித்தான் டீக்கடையில் கைதட்டினார்கள். அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தக் கடைக்கு அப்புறம் அவர் போகவே இல்லை.

இன்னொரு பக்கம், இன்பாக்ஸில் பையனை ஏ.எம்.இ. சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள். ரிங் ரோட்டில் பெரிய பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள், கோட் போட்ட பையன் விமானத்துக்கு முன்னால் சிரிக்கிறான். சேருங்கள், நல்ல தொழில், நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர் 147 அனுமதி, அதாவது விமானப் பராமரிப்புப் பயிற்சி நடத்தும் அனுமதி, இருக்கிறதா என்று கேளுங்கள், லைவ் விமானத்தில், அதாவது சர்வீஸில் இருக்கிற விமானத்தில், பயிற்சி எங்கே என்று கேளுங்கள், போன பேட்ச்சில் லைசென்ஸ் எடுத்தவர்கள் போன் நம்பர் கேளுங்கள். அவர்களிடம் பேசும்போது, 'போட மாட்டேன்' என்று சொன்னால் பக்கத்தில் நிற்க ஆள் உண்டா என்றும் கேளுங்கள். போர்டில் அது இருக்காது.

கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. சங்கத்தைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், என்னைத் திட்டலாம், எதையும் அழிக்க மாட்டேன். அப்பாவை இழுத்தால் மட்டும் பிளாக்.