செங்கல் வைத்தால் செங்குத்தா?

(பாதி எழும்பிய காம்பவுண்டு சுவர். வீட்டுக்காரர் நாற்காலியில். கொத்தனார் கையில் கரண்டி.)

வீட்டுக்காரர்: கொத்தனாரே, சுவர் செங்குத்தாக இல்லையே?

கொத்தனார்: எல்லாம் நன்றாக வெந்த கல் சார். இதைவிடச் சிவப்பு எங்கே கிடைக்கும்?

வீட்டுக்காரர்: நிறத்தை யார் கேட்டார்கள்? நிற்கிற நிலையைக் கேட்கிறேன்.

கொத்தனார்: செங்கல்லில் இருக்கிற ‘செங்’தானே செங்குத்திலும் இருக்கிறது?

வீட்டுக்காரர்: இரண்டும் செம்மைதான். ஆனால் செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள், நேர் என்றும் பொருள். செங்கல் சிவப்பு. செங்கோல் நேர். ராஜா கையில் இருந்தது சிவப்புக் கம்பா என்ன?

கொத்தனார்: எங்கள் ஊர் நாடகத்தில் ஜிகினா ஒட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரர்: நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். கொடு என்றால் வளைவு. கொடுவாள் வளைந்துதானே இருக்கிறது? வள்ளுவர்கூட 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கொத்தனார்: நடுவில் எத்தனை அடி சந்து விட்டார்?

வீட்டுக்காரர்: ...உங்கள் மகள் கணக்கு நோட்டில் வரைகிறாளே செங்கோணம், 90 பாகை, அதுவும் இந்தச் செம்மைதான். சிவப்புப் பேனா தேவையில்லை.

கொத்தனார்: அவள் நீலத்தில்தான் வரைந்தாள். டீச்சர்தான் சிவப்பில் சுழித்து அனுப்பினார். சரி, அந்தக் ‘குத்து’?

வீட்டுக்காரர்: நட்டமாக நிற்பது. குத்துவிளக்கு, குத்துக்கல்...

கொத்தனார்: ஓ, காலையிலிருந்து நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த மாதிரி.

வீட்டுக்காரர்: (நாற்காலியை விட்டு எழுந்து) இன்ஜினியர் வெர்டிகல் என்பாரே, அது லத்தீனில் வெர்டெக்ஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் சுழி, அப்புறம் தலையில் மயிர் சுழித்திருக்கிற உச்சி. உச்சிக்கு நேராக இருப்பது வெர்டிகல்.

கொத்தனார்: (தலைப்பாகையைக் கழற்றி) எனக்கு இரட்டைச் சுழி சார். எந்த உச்சியை வைத்துக் கட்டுவது?

வீட்டுக்காரர்: தலைப்பாகையைக் கட்டுங்கள், தூக்குக்குண்டை எடுங்கள்.

(கொத்தனார் தூக்குக்குண்டின் நூல் கோத்த கட்டையைத் தெருப் பக்கமாகச் சுவரின் தலையில் வைத்து நூலை விடுகிறார். குண்டு கீழே சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். நிற்கவில்லை.)

வீட்டுக்காரர்: இரண்டு விரல் தள்ளி நிற்கிறது! மேலே தெருப் பக்கம் சாய்ந்துவிட்டது!

கொத்தனார்: காற்று சார்.

வீட்டுக்காரர்: முருங்கை இலைகூட அசையவில்லையே!

கொத்தனார்: விடுங்க, பூச்சில் சரி பண்ணிடலாம்.

வீட்டுக்காரர்: இது கொடுஞ்சுவர்!

கொத்தனார்: கொடு என்றால் வளைவு என்றுதானே சொன்னீர்கள்?

வீட்டுக்காரர்: ஆமாம்.

கொத்தனார்: அதுதானா சங்கதி! போன சனிக்கிழமை ‘கூலி கொடுங்க’ என்று கேட்டதும், கொல்லைப்பக்கமாக வளைந்து வளைந்து போனீர்களே!